அசமந்தத்துக்குப் பொருள் கண்ட படலம்

உலகம் தன் கைவேலையைச் சற்றே நிறுத்திவிட்டுக் காது கொடுக்கட்டும். ஈஸ்வர வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் கட்டிய மறுவாரம், தென்காசிச் சொல்லாய்வுப் பேரவையானது மனித குலத்தை இதுநாள்வரை இருட்டில் தள்ளி வைத்திருந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதென்று தீர்மானித்தது. அசமந்தம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? அது பிறந்தது எங்கே, பெற்றது யார்? வடமொழியா, தமிழா? இது தெரியாமல் சூரியன் இத்தனை காலம் எந்த முகத்தோடு உதித்து வந்தது என்று பேரவைத் தலைவர் வல்லிநாயகம் பிள்ளை நோட்டீஸ் அடித்துக் கேட்டிருந்தார். நோட்டீஸில் அவருடைய பெயர் கட்டைவிரல் மொத்தத்துக்கு இருந்தது. ஆராய வேண்டிய சொல்லைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

மொட்டைக் கோபுரத்துச் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைக் குத்தாலிங்கம் நின்று வாசித்தான். கோபுரத்து ஊடே வருகிற காற்று காகிதத்தின் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டது. அடுத்த மூலையையும் பிய்த்தது. அவன் கடைசி வரிக்கு வந்தபோது காகிதம் பறந்துபோய்விட்டது. கடைசி வரியில் என்ன இருந்தது என்று அவன் கவலைப்படவில்லை. மற்றவர்களுக்கு அது ஆராய்ச்சி. அவனுக்கு அது பெயர்.

ஊர் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஊர் பொய் சொல்லவில்லை. வயலுக்கு மடை திறக்கப் போனால் மழை பெய்து பயிர் நனைந்த பிறகு போய்ச் சேருவான். கல்யாண வீட்டில் அவனுக்கு இலை போடும்போது அடுப்பை அணைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பிடத்தைப் பண்டிதர்களைக் கேட்பதற்குப் பதில் அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அது அவன் அப்பாவின் வலது கையில் பிறந்தது. "அசமந்தம்" என்பார், பளாரென்று விழும். பிறகு பள்ளிக்கூடத்தில் வளர்ந்தது. கணக்கு வாத்தியார் சொல்லையும் அடியையும் பிரிக்கப் பிரியமில்லாதவர். எழுத்துக்கு ஒரு அடியாகப் பிரம்பை இறக்குவார். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை என்பதால் அரை அடி. பாவூர்ச்சத்திரம் சந்தையில் வண்டிமாடு முட்டி விழுந்தபோதுகூட வண்டிக்காரன் மாட்டை ஒன்றும் சொல்லவில்லை. "வெலகப்படாதாலே அசமந்தம்" என்று சாட்டையை இவன்மேல் வீசினான். தாடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்படியாக முப்பது வயதுக்குள் அவன் உடம்பு ஒரே ஒரு சொல்லுக்கான அகராதியாகிவிட்டது. சொல் வந்தால் அடி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அடிக்கு எட்டாத இடத்தைப் பார்த்து நகர்வதுதான் அவன் வாழ்க்கையில் வேகமாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒரே காரியம்.

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் பாட்டுக்கு இருந்திருப்பான். வந்த வினை, மாமன் மகள் முத்துவடிவு. பேரவைத் தலைவர் வல்லிநாயகம் பிள்ளைதான் அந்த மாமன். குத்தாலிங்கத்தின் அம்மா சொக்கம்மாள் அவருக்கு அக்கா. தென்காசியில் பேரவைத் தலைவரை "ஏலே" போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஜீவன். சித்திரை மாதம் அவள் முறையாக வெற்றிலை பாக்குத் தட்டோடு தம்பி வீட்டுக்குப் போனாள்.

"வாசுதேவநல்லூர்ல ஒரு பையன் வந்திருக்கு அக்கா," என்றார் வல்லிநாயகம் பிள்ளை. "துருதுருன்னு இருக்கான். விடியமுன்ன சைக்கிள எடுத்தா வெயில் ஏறுததுக்குள்ள இங்கன வந்துட்டுத் திரும்பியும் போயிருதான்."

"சைக்கிள் ஓட்டுதவனுக்குப் பொண்ணக் குடுக்கணும்னா தபால்காரனுக்கு எத்தன குடுக்கணும்லே? எம் மவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கான்."

"அதுதான் அக்கா சங்கடமே. குத்துக்கல்லு மாதிரிதான் இருக்கான். ஊரே அசமந்தம்ங்குது. பேரவைத் தலைவர் மருமகன் அசமந்தம்னு நாலு பேரு சொன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையேறுதது?"

சொக்கம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "அசமந்தம்னா என்னலே?"

"என்னது?"

"அர்த்தம் கேக்கேன். நீதான் சொல்லுக்கெல்லாம் தலைவராச்சே."

தெரியாது என்ற சொல்லை வல்லிநாயகம் பிள்ளை பிறருடைய வாயில்தான் கேட்டிருக்கிறார். மீசையைத் தடவினார். "அது ஆய்வுக்குரியது" என்றார்.

"அப்பம் ஆஞ்சிட்டு வா. நல்ல அர்த்தம்னா எம் மவனுக்குக் கட்டி வையி. கெட்ட அர்த்தம்னா சைக்கிளுக்குக் கட்டி வையி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒரு பெண்ணின் கல்யாணத்தை மாநாடு கூட்டி முடிவு செய்வது என்பது இப்படித்தான் ஆரம்பித்தது. பெண்ணை யாரும் கேட்கவில்லை. பெண்ணைக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது.

மாநாட்டுக்கு ஐந்தருவி போகிற வழியில் ஒரு பங்களாவை எடுத்திருந்தார்கள். பின்பக்கம் பெரிய சரிவுப் பாறை. பாறை முடிகிற விளிம்புக்குக் கீழே அருவியிலிருந்து வருகிற ஆறு. சாரல் நாளில் விளிம்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகையும் இரைச்சலும்தான். அங்கே அடி தெரியாத கசம் ஒன்று இருக்கிறதென்றும், அதில் ஒரு துரை குதிரையோடு விழுந்து தொப்பிகூட மிதக்கவில்லையென்றும் வல்லிநாயகம் பிள்ளை சின்ன வயதில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அதிலிருந்து குற்றாலம் வந்தால் பாறையின் மேல்பாதியோடு நின்றுகொள்வார். அருவித் தண்ணீரை அண்டாவில் மொண்டு வரச் சொல்லிப் பங்களா முற்றத்தில் குளிப்பார். "நெரிசல் நமக்கு ஒத்துக்கிடாது" என்பார்.

மாநாட்டுக்கு முந்தின நாள் குத்தாலிங்கம் பாறையில் இறங்கிப் போனான். முத்துவடிவு விளிம்புக்குக் கீழே சேலையை முட்டுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரும் அத்தான். காலையில கெளம்புனீரா, நேத்தே கெளம்பிட்டீரா?"

"இப்பத்தான்."

"நாளைக்கு உம்மத்தான் அறுத்துப் பாக்கப் போறாவ. தெரியும்லா?"

"ம்."

"அந்த சைக்கிளுக்காரனும் வாரான். வந்தவுடன எங்க அப்பாவுக்கு விசிறி எடுத்து வீசுதான், செம்ப நீட்டுதான், செருப்ப எடுத்து வைக்கான். எனக்குப் பாக்கவே மூச்சு முட்டுது. அவன் வேகத்துக்கு நான் வாழ்ந்தா ரெண்டு வருசத்துல கெழவியாயிருவேன்." பாவாடையைப் பிழிந்து அவன் முகத்தில் தெறிக்கும்படி உதறினாள். "ஒரு வார்த்த வாயத் தொறந்து எங்க அப்பாகிட்டக் கேளும். பொண்ணக் குடும்னு. ஒரே வார்த்த."

குத்தாலிங்கம் யோசித்தான். ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.

"கேக்கேன்" என்றான்.

"எப்பம்?"

"சமயம் பாத்து."

"ஆவணிக்குள்ள சமயம் வருமா, அடுத்த ஆவணியா?" என்று கேட்டுவிட்டு அவள் பிழிந்த துணிகளை அவன் தோளில் போட்டாள். அவன் அதை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி காய்ந்துவிட்டது.

மறுநாள் மாநாடு. குற்றாலத்துக் குளிப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எண்ணெய், உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்து ஊற விட வேண்டும். அப்புறம் அருவி. அப்புறம் சாப்பாடு. எண்ணெய் ஊறுகிற நேரம் அறிஞர்களுக்கு வீணாகப் போகிறதே என்று வல்லிநாயகம் பிள்ளை விசனப்பட்டு, எண்ணெய்க்கும் அருவிக்கும் நடுவில் ஆராய்ச்சியைச் செருகினார். சொல்லுக்குப் பொருள் கண்ட பிறகுதான் யாரும் அருவிக்குப் போகலாம் என்று விதி செய்தார். பங்களாக்காரர் தளத்தில் எண்ணெய் சொட்டக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்ததால் பாறையே மாநாட்டு மண்டபம்.

பங்களாக் காவல்காரனான மாடக்கண்ணுதான் சீசனில் எண்ணெய் தேய்க்கவும் செய்வான். பனங்கட்டை மாதிரிக் கை. அவன் முதலில் தலைவரைப் பலகையில் கிடத்தித் தேய்த்தான். பிறகு வடமொழிக் கட்சித் தலைவர் பிச்சுமணி சாஸ்திரிகள். பிறகு தனித்தமிழ்க் கட்சி செல்லச்சாமிப் பாவலர். பிறகு வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை. பிறகு இரண்டு கட்சிச் சீடர்கள். வரிசையில் கடைசி ஆள் குத்தாலிங்கம். அவன் சட்டையைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தீர்ந்துவிட்டது.

ஆக, தென்காசித் தாலுகாவின் அறிவு முழுவதும் கோவணத்தோடு, எள்ளெண்ணெய் மினுமினுக்க, சாரலில் நடுங்கிக்கொண்டு அந்தப் பாறையில் உட்கார்ந்தது. பாறையின் மேல்பாதியில் சாய்வு நாற்காலி போட்டுத் தலைவர் அமர்ந்தார். கையில் வெள்ளிப்பூண் பிரம்பு.

சாஸ்திரிகள் ஆரம்பித்தார். "சமம்னா ஒப்பு. அசமம்னா ஒப்பில்லாதது. மந்தம் உங்களுக்கே தெரியும். ஆக அசமந்தம்னா ஒப்புயர்வற்ற மந்தம். லோகத்துல இதுக்கு மேல ஒருத்தன் மந்தமா இருக்க முடியாதுங்கற உச்ச ஸ்தானம்."

மாநாட்டுச் சமையலைப் பார்க்க வந்திருந்த சொக்கம்மாளின் குரல் அடுப்படி ஜன்னலிலிருந்து வந்தது. "கேட்டியாலே வல்லிநாயகம்? எம் மவன் ஒப்பில்லாதவனாம்."

"ஒப்பில்லாத சோம்பேறிங்காரு அக்கா."

"எதுலயோ ஒண்ணுல மொதல்ல வந்திருக்கானா இல்லியா?"

பாவலர் எழுந்தார். எண்ணெயில் வழுக்கி மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "தாய்மொழிப் பற்றாளரீர், இஃது அப்பட்டமான திருட்டு. அசை என்பது தமிழ். மந்தை என்பது தமிழ். அசைபோட்டுக்கொண்டு மந்தையிலே நிற்கும் எருமையைக் கண்டு எம் முன்னோர் படைத்த தூய சொல் அசமந்தை. அதுவே அசமந்தம் ஆயிற்று. எருமை தமிழருடையது ஐயா. அதனை எவருக்கும் விட்டுக்கொடோம்."

குத்தாலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்சி அவனை உலக மகா சோம்பேறி என்றது. இன்னொரு கட்சி எருமை என்றது. அவனுக்கு ஆதரவாக மூன்றாவது கட்சி இருப்பதாகத் தெரியவில்லை. பாறையின் மேலே கொடிக்கயிற்றுப் பக்கம் முத்துவடிவு நின்று அவனையே பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி உதட்டைச் சுழித்துக் காட்டினாள். அவன் திறந்தான். அதற்குள் சாஸ்திரிகள் மறுப்புரை தொடங்கிவிட்டார்.

வெயில் இல்லாத வானத்தில் உச்சிப்பொழுது எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வயிறுகளுக்குத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து கொதிக்கிற ரசத்தின் வாசனை இறங்கி வந்து ஆராய்ச்சியைக் குலைத்தது. எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. மாடக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எசமான், எண்ணெ ஊறி முடிஞ்சுட்டு. இனியும் குளிக்கலேன்னா எல்லாருக்கும் நீர் கோத்துக்கிடும்."

"முடிவு தெரியாம ஒரு பயலும் அருவிப் பக்கம் தலை வைக்கப்படாது" என்றார் தலைவர். அவருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாவலர் தம் கட்சியை விளக்க ஒரு எடுத்துக்காட்டைக் கையாண்டார். "சான்றாக, சாஸ்திரிகளாரை நோக்கி 'நீர் ஓர் அசமந்தம்' என்று நான் கூறினால்..."

குத்தாலிங்கத்தின் முதுகு சிலிர்த்தது. சொல் வந்துவிட்டது. அவன் எழுந்து, பாறையின் மேலே போகாமல், கூட்டத்திலிருந்து விலகி விளிம்புப் பக்கம் நடந்துபோய், அங்கே பாறையிடுக்கில் முளைத்திருந்த வேரில் காலைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். அன்று அந்தப் பாறையில் நடக்கப் போவது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

சாஸ்திரிகள் பாவலரின் கன்னத்தில் அறைந்தார். எண்ணெயில் கை வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த சீடனின் கண்ணைக் குத்தியது. பாவலர் சாஸ்திரிகளின் கழுத்தைப் பிடித்தார்; கழுத்து கையைவிட்டு விலாங்கு மாதிரி நழுவியது. இருவரும் பிடிக்கிறார்கள், பிடி நிற்கவில்லை. அறிவாளிகள் எந்த நிலைமையிலும் வழி கண்டுபிடிப்பவர்கள். எண்ணெய் பூசிய உடம்பைக் கையால் பிடிக்க முடியாவிட்டாலும் பல்லால் பிடிக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர் சாஸ்திரிகள். பாவலரின் இடது காதை வாயில் கவ்வித் தலையைப் பின்னால் வெட்டி இழுத்தார்.

"ஏ பாவி, காது போச்சேலே, எங் காது போச்சேலே" என்று பாவலர் அலறினார். தூய தமிழ் அந்தக் காதோடு போய்விட்டது. கடைசிவரை திரும்பி வரவில்லை. சாஸ்திரிகள் வாயிலிருந்ததைத் துப்பினார். அது தீர்ந்துபோன எண்ணெய்க் கிண்ணத்தின் அடிக்கசண்டில் போய் விழுந்து ஊறியது.

அதற்குப் பிறகு வாதம் சூடு பிடித்தது. சீடர்கள் மேற்கோளுக்குக் கொண்டுவந்திருந்த அகராதியின் முதல் பாகத்தைத் தூக்கி ஒருவன் வீச, அது சாஸ்திரிகளின் மூக்குத்தண்டில் விழுந்து மூக்கைக் கன்னத்துப் பக்கம் திருப்பி வைத்தது. அவர் கொடுத்த வசவில் ஒரு சொல்கூட வடமொழி இல்லை. எண்ணெய்ப் பலகையை இரண்டு பேர் தூக்கி மூன்றாவது ஆளின் கைமேல் இறக்கினார்கள். அடுப்பில் வைக்கச் சுள்ளி முறிக்கிற சத்தம் வந்தது. அந்த ஆள் தன் முழங்கை தப்பான பக்கம் மடங்கியிருப்பதை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு மயங்கி விழுந்தான். ஒருவன் எதிராளியின் குடுமியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாறையில் அவன் நெற்றியை உடைத்தான். தேங்காய்க்குக்கூட அவ்வளவு பொறுமையாக இடம் பார்த்து உடைக்க மாட்டார்கள். எண்ணெயின்மேல் ரத்தம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை தலைவருக்கு முன்னால் போய் நின்று, "நான் இருக்கேன் மாமா, பயப்படாதிய" என்றான். பறந்து வந்த பித்தளைச் செம்பு அவன் முன்பற்கள் இரண்டை எடுத்துக்கொண்டு போயிற்று. அவன் சுறுசுறுப்பு அப்போதுதான் முழுதாக வெளிப்பட்டது. கோவணத்தோடு சைக்கிளில் பாய்ந்தான். எண்ணெயில் வழுக்கி மறுபக்கம் விழுந்தான். மறுபடி ஏறினான். தென்காசிச் சாலையில் வாயைப் பொத்திக்கொண்டு அவன் போன வேகத்தை எதிரே வந்த வண்டிக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாவலர் கட்சியார் இரண்டு பேர் ஆயுதம் தேடி அடுப்படிக்குள் நுழைந்தார்கள். உலக்கையில் கை வைத்த மாத்திரத்தில் சொக்கம்மாள் ரசப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். "எம் மவன எருமைன்னவனுவோதானலே நீங்க?" என்றாள். தோல் வழன்ற தோளோடு அவர்கள் வெளியே வந்து போட்ட கூச்சலில் மரத்துக் குரங்குகள் அடுத்த தோப்புக்குப் போய்விட்டன.

வல்லிநாயகம் பிள்ளை எழுந்தார். நடுவர் என்ற முறையில் இருதரப்புக்கும் பாரபட்சமில்லாமல் வெள்ளிப்பூண் பிரம்பால் விளாசினார். ஒரு சீடனின் தோளெலும்பு தெறித்தது. "அவை அடக்கம்" என்று சொல்லி ஒரு அடி. "ஒழுங்கு" என்று சொல்லி ஒரு அடி. சாஸ்திரிகளின் முதுகில் ஒன்று விழுந்தது. பாவலரின் மிச்சமிருந்த காதில் ஒன்று விழுந்தது. அந்த நொடியில் மனித குலத்தை இருட்டில் வைத்திருந்த கேள்வியில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து தலைவரின் மண்டையில் செம்பால் அடித்தார்கள்.

அவர் நாற்காலியோடு சாய்ந்தார். நாற்காலி நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. எண்ணெய் பூசிய நூற்றெண்பது ராத்தல் பேரவை, சரிவுப் பாறையில் மல்லாக்க வழுக்கிக்கொண்டு இறங்கியது. வழியில் ஒரு சீடன் காலைப் பிடித்தான், கால் போய்விட்டது. இன்னொருவன் கையைப் பிடித்தான், கை போய்விட்டது. மாடக்கண்ணுகூட இடுப்பை எட்டிப் பிடித்தான். காலையில் அவனே தேய்த்த எண்ணெய். தொழில் சுத்தமாகச் செய்திருந்ததால் அவனாலேயே பிடிக்க முடியவில்லை. தலைவர் புரண்டு குப்புறக் கவிழ்ந்து, கால்கள் விளிம்பைத் தாண்டி, வயிறு தாண்டி, இரண்டு முழங்கையும் பாறையில் ஊன்றியபடி வெள்ளைப் புகைக்குள் தொங்கினார். முழங்கைகளும் வழுக்கிக்கொண்டிருந்தன.

விளிம்பில் எண்ணெய் படாத ஒரு கை இருந்தது. அது மெதுவாக நீண்டு வந்து, அவருடைய குடுமியைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"இழுலே" என்றார் வல்லிநாயகம் பிள்ளை.

"இழுக்கேன் மாமா" என்றான் குத்தாலிங்கம். "ஒரு வார்த்த கேக்கணும்."

"மேல வந்து கேளு."

"மேல வந்தா உமக்குச் சோலி இருக்கும்."

"ஏலே அசமந்தம், இழுலே, கசம்லே."

சொல் வந்துவிட்டது. குத்தாலிங்கம் பிறந்ததிலிருந்து அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதில் மாற்றமே இருந்ததில்லை. அந்த வழக்கத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சும்மா இருந்த கையை ஓங்கி மாமாவின் கன்னத்தில் ஒரு அறை விட்டான். காய்ந்த கை, வழுக்கவில்லை. அருவிச் சத்தத்தை மீறிக்கொண்டு பாறை முழுக்க அது கேட்டது. கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தித் திரும்பினார்கள்.

தலைவரின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அவர் மருமகனை அண்ணாந்து பார்த்தார். குடுமி இறுக்கத்தில் அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு பக்கம் பார்க்க முடியாது.

"முத்துவடிவு யாருக்கு மாமா?"

"பேரவை இன்னும் முடிவு..."

குத்தாலிங்கம் குடுமியை இன்னொரு சுற்றுச் சுற்றினான். நெற்றித் தோல் மேலே ஏறி, தலைவரின் புருவங்கள் நிரந்தர ஆச்சரியத்துக்குப் போயின. ஒரு முழங்கை வழுக்கிப் பாறையை விட்டது.

"யோசிச்சுச் சொல்லும்" என்றான். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

முத்துவடிவு பாறையின் மேலிருந்து ஓடி வந்து, பாதியில் நின்றாள். அத்தானைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே ஒரு தரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, சீக்கிரம் சொல்லுங்கப்பா. அது அடி தெரியாத கசம்ப்பா. குதிரையே போயிருக்கு."

"ஒனக்குத்தாம்லே" என்று அலறினார் வல்லிநாயகம் பிள்ளை. "ஒனக்குத்தான், இழு."

"எப்பம்?"

"ஆவணியில. மொத முகூர்த்தத்துல."

"சபையில சொல்லும்."

சபையார் உடைந்த மூக்கும் கிழிந்த காதுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைச் சாட்சி வைத்து, அருவியை ஆணை வைத்து, தலைவர் பெண்ணைக் கொடுத்தார். அடுப்படி ஜன்னலிலிருந்து சொக்கம்மாள், "பந்தல் செலவு ஆருலே?" என்று கேட்டாள். அதையும் தானே ஏற்றார். அப்புறம்தான் குத்தாலிங்கம் இழுத்தான். அவனுக்கே உரிய வேகத்தில் இழுத்தான். ஒரு கைப்பிடி முடி அவன் கையோடு வந்துவிட்டது. மாடக்கண்ணு துண்டை முறுக்கிக் கட்டி மிச்சத்தை மேலே கொண்டுவந்தான். மாடக்கண்ணு விளிம்பை எட்டிப் பார்த்தான், ஏதோ சொல்லப் போனான். முத்துவடிவு அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டு வில்வண்டியில் அறிஞர்களை அள்ளிப் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதைக் கிண்ணத்தோடு கொண்டுபோயிருந்தார்கள். எண்ணெயில் ஊறியது ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அசமந்தம் என்ற சொல்லின் பிறப்பிடம் பற்றிப் பேரவை அதற்குப் பிறகு கூடவில்லை. கூடுவதற்கு முழு உறுப்புகளோடு உறுப்பினர்கள் இல்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். அம்மா பிடரியைப் பிடித்துக் கூட்டி வந்ததால். சாஸ்திரிகள் வளைந்த மூக்கோடு வாழ்த்தினார். பாவலர் தலைப்பாகையை இடது பக்கம் இறக்கிக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார். ஊரில் யாரும் குத்தாலிங்கத்தை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருமுறை ஒரு புரோட்டாக் கடைக்காரன் மறந்துபோய் "அச" வரைக்கும் வந்துவிட்டு, பாதியில் நிறுத்தி, கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

வல்லிநாயகம் பிள்ளை மரணத்தின் வாயில்வரை போய்த் திரும்பியவர் ஆனார். பண்பொழி மலைக்கு நடந்தே ஏறி முருகனுக்கு வெள்ளியில் கால் செய்து போட்டார். ஒவ்வொரு சாரலிலும் பங்களாவுக்கு வருகிறவர்களைப் பாறையின் மேல்பாதியில் நிறுத்தி வைத்து, கீழே கை நீட்டி, தம் காலுக்கடியில் அன்றைக்குப் பாதாளம் திறந்து கிடந்ததையும், சில்லென்று எமன் மூச்சு உள்ளங்காலில் பட்டதையும், மருமகன் ரூபத்தில் கடவுள் வந்ததையும் சொல்லுவார். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். முத்துவடிவு ஈரத் துணியோடு பாறையேறி வந்து, அந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் மரியாதையாக நின்று கேட்பாள்.

அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம்.